மருந்துப் பையில் மிஞ்சும் மாத்திரைகள்

மலேசியாவில் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கப் பணமில்லை என்று சொல்பவரைக் காண்பது அரிது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு ரிங்கிட். மருத்துவர் பார்ப்பதும் மாதக்கணக்கில் மாத்திரை கிடைப்பதும் அந்த ஒரு வெள்ளிக்குள் அடங்கிவிடுகின்றன. விலை தாங்காமல் நோயாளிகள் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று மற்ற நாடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், விலையே ஒரு பொருட்டாக இல்லாத நம் ஊரில் மாத்திரைகள் ஏன் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கின்றன என்ற கேள்வி எனக்குள் எழும். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஓர் அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில் பல ஆண்டுகள் மருந்தாளராக வேலை செய்தவள் நான். அந்த முகப்பில் நின்று கேட்டவற்றையும், நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பார்த்தவற்றையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு மூவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்து மருந்து பெறுகிறவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. என் கவலையெல்லாம் இந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றியது. இவர்கள் நோய் தெரிந்தவர்கள். கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறவர்கள். மருந்தையும் கையொப்பமிட்டு வாங்கிச் செல்கிறவர்கள். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. நீண்டகால நோய்களுக்கான மருந்தை, வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப் பேரே சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ரத்தக் கொதிப்பு நோயாளிகளின் சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதிக்கொடுத்த மருந்துகளில் சிலவற்றையோ முழுவதையுமோ எடுக்காதவர்கள் நான்கில் ஒருவர் என்று அதில் தெரியவந்தது.

இந்த மாத்திரைகள் என்ன செய்கின்றன என்பதை நாம் மறந்துவிடும் அளவுக்கு அவை எளிதாகக் கிடைக்கின்றன. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அமெரிக்க அதிபர் ரூசவெல்ட்டுக்கு ஆண்டுக்கணக்கில் கடுமையான ரத்தக் கொதிப்பு இருந்தது. உலகின் மிக வலிய நாட்டின் தலைவருக்குக்கூட அன்றைக்குக் கொடுப்பதற்குத் தகுந்த மருந்து இல்லை. 1967இல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 143 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ரத்த அழுத்தத்தைக் குறிக்கும் மேல், கீழ் என்ற இரண்டு எண்களில் கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையில் இருந்த அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் இருவருக்கு மட்டுமே. அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதையே வெவ்வேறு அளவுகளில் உறுதி செய்திருக்கின்றன. மேல் எண்ணை 10 அளவு குறைத்தால் பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பது 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வின் முடிவு.

இவ்வளவு நன்மை தரும் மாத்திரையை ஒருவர் ஏன் விழுங்காமல் விடுகிறார்? மறதி என்பார்கள், சோம்பல் என்பார்கள், படிப்பறிவு போதாது என்பார்கள். நான் பார்த்த பெரும்பாலோர் மறந்தவர்கள் அல்லர். யோசித்து, தங்களுக்குச் சரியென்று பட்ட ஒரு காரணத்தின் பேரில் நிறுத்தியவர்கள். அந்தக் காரணத்தைக் கிளினிக்கில் யாரிடமும் சொல்லாதவர்கள். பெருங்கேடு இந்தச் சொல்லாமையில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. எடுக்காத மாத்திரையைவிட, எடுத்ததாகச் சொல்லப்படும் மாத்திரை ஆபத்தானது.

காரணங்களில் முதலிடம் சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்துக்கு. "தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்மா" என்ற வாக்கியத்தைத் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் அவரவர் மொழியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது. கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) அடுத்தபடியாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பெரிய காரணம். ஆனாலும் இந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. முட்டிவலிக்காகக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மெய்யாகவே பாதிக்கின்றன, ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகின்றன. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் பதிவு எண் இல்லாமல் விற்கப்படும் சில பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் டயாலிசிஸுக்குப் போகும்போது அவர் மேசையில் இருந்தவற்றில் எது கெடுத்தது, எது காத்தது என்று உறவினருக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. கண்ணில் படுவது மாத்திரைகள். பழி எல்லா மாத்திரைகளின் மேலும் விழுகிறது. எனாலாபிரில், பெரின்டோபிரில் போன்ற ரத்தக் கொதிப்பு மருந்துகளைத் தொடங்கும்போது, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவு சற்றே ஏறுவதும் உண்டு. ஓர் எல்லைக்குள் அது எதிர்பார்க்கப்படுவதே. மருத்துவரும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தத் தாளை வீட்டில் பிரித்துப் பார்க்கும் மகனுக்கு, அச்சம் மெய்யாகிவிட்டதாகவே தோன்றும்.

அடுத்தது உடம்பு தரும் தொந்தரவுகள். எனாலாபிரில் வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைட் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவில் உள்ள கொம்தாருக்குப் போய்வர வேண்டிய நாளில் இந்தக் கடைசி மருந்தை எந்தப் பெண்ணும் விருப்பத்தோடு விழுங்கமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். இதில் வருத்தம் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறது. இருமலுக்கு மாற்றாக லோசார்டான் வகை. வீக்கத்துக்கு அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்ப்பது. சிறுநீர் மருந்துக்கு நேரத்தை மாற்றுவது. வாயைத் திறந்து சொன்னால் ஐந்து நிமிடத்தில் தீரும் தொந்தரவு, சொல்லாததால் நோயாக முதிர்கிறது.

நம் பழக்கவழக்கங்களோடு ஒட்டிய காரணங்களும் உண்டு; மருத்துவப் புத்தகங்களில் இவை இருப்பதில்லை. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று நம் வீடுகளில் ஆழப் பதிந்திருக்கிறது. எனவே பசியாறாத நாளில் மாத்திரையும் இல்லை. தைப்பூசத்துக்கு முன்பு விரதம் இருந்து ஒருவேளை மட்டும் உண்பவர்கள், காலை மாத்திரையை வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்து வெயிலில் மைல்கணக்கில் நடக்கும் உடம்பு, அழுத்தம் ஏறிய நிலையிலேயே நடக்கிறது. அம்லோடிபின், லோசார்டான் போன்ற பல மருந்துகளை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். காலையா இரவா என்ற கேள்விக்கும் 2022இல் விடை கிடைத்தது. பிரிட்டனில் 21,000க்கும் அதிகமானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த டைம் (TIME) என்ற ஆய்வில், காலையில் எடுத்தவர்களுக்கும் இரவில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு இல்லை. விரதம் இருப்பவர் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாலையில் உண்ணும் ஒருவேளைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கிளினிக்குக்கு வரும் காலையில் நடப்பது. ரத்தம் எடுக்க வேண்டும், இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று எழுதித் தருகிறார்கள். "ஒன்றும் சாப்பிடாமல்" என்பதில் மாத்திரையையும் சேர்த்துப் புரிந்துகொண்டு பெரியவர் வருகிறார். விடிகாலையில் எழுந்து, பஸ் பிடித்து, எண் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, பசியோடு பத்து மணிக்கு அழுத்தம் பார்க்கும் இடத்தை அடைகிறார். அழுத்தத்தின் மேல் எண் 170ஐத் தாண்டுகிறது. மருந்து எடுத்தீர்களா என்றால், வழக்கமாக எடுப்பதை நினைத்து, எடுத்தேன் என்கிறார். மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளில் ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரோடு வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தி வைக்கச் சொல்வது இனிப்புநீர் மருந்துகளைத்தான். இந்த ஒரு செய்தியை அச்சிட்டு எல்லாக் கிளினிக் சுவர்களிலும் தமிழிலும் ஒட்டினால், தேவையில்லாமல் கூட்டப்படும் அளவுகள் எவ்வளவோ குறையும் என்று நம்புகிறேன்.

தமிழில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்துப் பையின் மேல் எப்படி எடுக்க வேண்டும் என்பது மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அச்சாகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்கைந்து வகுப்பு படித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தலைமுறைப் பெண்கள் அதைப் படிப்பதில்லை. மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் நினைவில் வைத்து எடுக்கிறார்கள். அரசாங்கக் கொள்முதல் ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அதே மருந்து வேறு வடிவில் வருகிறது. வட்டமாக இருந்தது எண்கோணமாகிறது, வெள்ளை மஞ்சளாகிறது. பழையதையும் புதியதையும் இரண்டு மருந்தென்று எண்ணிச் சேர்த்து எடுப்பவரும் உண்டு, தெரியாத மாத்திரை எதற்கென்று இரண்டையும் விட்டவரும் உண்டு.

சொல்லாமை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு நிபோங் திபால் பக்கத்து அம்மா ஒருவரை மறக்க முடியவில்லை. முதல் மருந்து அவருக்கு இருமலைக் கொடுத்தது, நிறுத்திக்கொண்டார். அடுத்த முறை அழுத்தம் குறையவில்லை என்று இரண்டாவது மருந்து சேர்ந்தது. அதில் கால் வீங்கியது, பாதியாக உடைத்து எடுத்தார். மூன்றாவது சிறுநீர் மருந்து. வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் எடுத்தார். நான்காவதும் எழுதப்பட்டது. கோப்பில் அவர் நான்கு மருந்துக்கும் அடங்காத கடுமையான நோயாளி. வீட்டில் அவர் அரை மாத்திரையில் வாழ்ந்துகொண்டிருந்தவர். மருத்துவர் அக்கறையில்லாதவர் அல்லர். இந்த அம்மாவும் பொய் சொல்கிறோம் என்று நினைத்தவர் அல்லர். அத்தனை கூட்டத்தில் அவசரமாகப் பார்க்கும் டாக்டரிடம் குறை சொல்வது மரியாதையாகாது என்று எண்ணியவர். ஒருநாள் காலில் புண் ஆறாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கோப்பில் உள்ள நான்கு மருந்தையும் தாதியர் வேளை தவறாமல் அவர் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் அழுத்தத்தின் மேல் எண் 80க்கு இறங்கி, குளியலறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ளப் பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்த மகள் வேலையை விட்டார். சம்பளம் நின்றது; சேமநிதிச் சந்தாவும் நின்றது. கார் இல்லாத வீட்டிலிருந்து ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் வாடகை வண்டி. பெரியவர்களுக்கான டயப்பர், சக்கர நாற்காலி, கழிவறையில் பிடித்துக்கொள்ளும் கம்பி. இவற்றை எந்த அறிக்கையும் கூட்டிக் காட்டுவதில்லை. சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட கணக்கின்படி, 2017இல் இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் இந்நாடு நேரடியாகச் செலவிட்டது 965 கோடி ரிங்கிட். அதே ஆண்டில் இந்நோய்களால் உழைப்பில் ஏற்பட்ட இழப்பு 891 கோடி. ரத்தக் கொதிப்பு இதில் ஒரு பகுதிக்குத்தான் பொறுப்பு என்றாலும் அப்பகுதி சிறியதன்று. டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுவதும். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவியோ அறநிறுவன மையத்தில் இடமோ கிடைக்காதவர் தனியார் மையத்தில் முறைக்கு 200 ரிங்கிட் கொடுத்தால், ஆண்டுக்கு 31,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அதில் பாதிச் சுமையை உறவினர் தாங்கினாலும், ஒரு நாளில் பாதியை இயந்திரத்தோடு கழித்துவிட்டு மறுநாள் லாரி ஓட்டப் போகக்கூடிய உடம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

கிளினிக்குக்கு வருவதற்கே ஆகும் செலவையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மருந்து ஒரு வெள்ளி என்றாலும், நாள்கூலிக்காரருக்கு ஒரு காலை நேரக் காத்திருப்பு என்பது ஒரு நாள் சம்பளம். மாதந்தோறும் மருந்து வாங்க வரவேண்டியிருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடும், வீட்டுக்கு அருகில் உள்ள வேறு அரசாங்கக் கிளினிக்கில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும், காரிலிருந்து இறங்காமலேயே வாங்கிச் செல்லும் முகப்புகளும் வந்துவிட்டன. முகப்பில் கேட்டால் எழுதித் தருவார்கள். நம் மக்களில் பலர் கேட்பதில்லை.

நிபோங் திபால் அம்மாவின் வீட்டுக்கு மருந்துகளைச் சரிபார்க்க நான் சென்றபோது, மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஆண்டுக்கணக்கான மாத்திரைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, பிடிபட்டவரின் அச்சம் அதில் தெரிந்தது. எந்த மாத்திரை என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணி நேரத்தில் அவர் சொன்னவை, கோப்பின் அத்தனை பக்கங்களிலும் இல்லாதவை. மருத்துவரிடம் அவற்றை எழுதிக் கொடுத்தோம். நான்கு மருந்துகள் இரண்டாயின. இரண்டையும் ஒரே வேளையில் எடுக்கும்படி அமைந்தது. சில வாரங்களில் வீட்டில் பார்த்த அழுத்தத்தின் மேல் எண் 130ஐ ஒட்டி நின்றது. மருந்துகளின் எண்ணிக்கை ஏற ஏற, எடுப்பவர் குறைவர் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்த கூட்டு மாத்திரைகளை 2019இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான்.

ஆகவே, மாத்திரையை நிறுத்தியிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், மிஞ்சியவை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, சின்சே (சீன மருத்துவர்) கடைப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "இதை நான் எடுக்கவில்லை; எடுத்தால் இப்படிச் செய்கிறது" என்று சொல்லுங்கள். மலாய் வரவில்லையென்றால் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள், அல்லது தமிழ் பேசும் தாதியோ மருந்தாளரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். அட்டெனலோல், மெட்டோபிரோலோல் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் இதயம் படபடத்து நெஞ்சுவலி வரக்கூடும்.

வெள்ளைச் சட்டைக்குள் இருக்கும் என் பிள்ளைகள் வயதுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு "சாப்பிடுறேன் டாக்டர்" என்பதைத் தவிர வேறு விடை சொல்ல நம் பெரியவர்களின் வளர்ப்பு இடம் கொடுக்காது. "எல்லாருக்கும் ஓரிரு நாள் விட்டுப் போகும், போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப் போச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் விரல் விட்டு எண்ணுவார். அழுத்தம் குறையவில்லை என்று நான்காவது மருந்துக்குப் பேனாவை எடுப்பதற்கு முன், முதல் மூன்றும் வயிற்றுக்குள் போகின்றனவா என்பதை இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.